மூன்று வருஷ ஒப்பந்தம்



சென்ற இதழில் எங்கள் மருத்துவச்சிப் பயிற்சிக்காகக் காணிக்கை கேட்டு எழுதியிருந்தோம். அதை வாசித்த நெடுநாள் நண்பர் ஒருவர் நேரில் வந்தபோது மனம்விட்டுக் கேட்டார்: "ஐயா, ஆபரேஷன் தியேட்டருக்கு ஒரு விளக்கு வேண்டுமென்றால் இன்றைக்கே தருகிறேன். பிரசவம் பார்க்கப் பழகுகிற பிள்ளைகளுக்கு எதற்கு இவ்வளவு செலவு?" அப்போது உட்கார்ந்து பதில் சொல்ல நேரம் வாய்க்கவில்லை. அந்தப் பதிலை இங்கே எழுத முயலுகிறோம்.

ஸ்திரீகளுக்கான மருத்துவ ஊழியம் என்றதும் நம் சபைகளில் ஐடா ஸ்கடர் அம்மையாரின் சரித்திரத்தைத்தான் சொல்லுவோம். ஓர் இரவில் மூன்று பேர் வந்து கதவைத் தட்டிய கதையை ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளே ஒப்பித்துவிடுவார்கள். ஆகவே இம்முறை வேறொரு தேசத்துக்குப் போவோம். அந்த டாக்டர் அம்மையாரின் பெயர் காத்ரின் ஹாம்லின். அவர் ஊழியம் செய்த இடம் எத்தியோப்பியா.

அவர் 1924இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில், ஆறு பிள்ளைகள் உள்ள வசதியான குடும்பத்தில் பிறந்தார். சிட்னி பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து 1946இல் பட்டம் பெற்றார். பிரசவ மருத்துவத்தில் பயிற்சி பெற கிரவுன் ஸ்ட்ரீட் பெண்கள் மருத்துவமனையில் சேர்ந்தபோது, அங்கே கண்காணிப்பாளராக இருந்த நியூசிலாந்து மருத்துவர் ரெஜினால்ட் ஹாம்லினைச் சந்தித்தார். 1950இல் அவர்களுக்கு விவாகம் நடந்தது. ஒரு மகன் பிறந்தான். இருவரும் ஜெபிக்கிறவர்கள். தங்கள் படிப்பை ஏதாவதொரு ஏழைத் தேசத்தில் பயன்படுத்த வேண்டும் என்ற வாஞ்சை இருவருக்கும் இருந்தது.

1958இல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு விளம்பரம் அவர்கள் கண்ணில் பட்டது. எத்தியோப்பியாவின் தலைநகர் அடிஸ் அபாபாவில் மருத்துவச்சிகளுக்கு ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்க மகப்பேறு மருத்துவர் தேவை என்பதே விளம்பரம். மூன்று வருஷ ஒப்பந்தம். 1959இல் குழந்தையோடு போய் இறங்கினார்கள். அவர்கள் வேலைக்குச் சேர்ந்தது இளவரசி செஹாய் நினைவு மருத்துவமனை. அந்த இளவரசி ஹைலே செலாசி பேரரசரின் மகள். லண்டனில் நர்ஸ் படிப்பு முடித்துத் தாயகம் திரும்பியவர். 1942இல் கர்ப்பகாலச் சிக்கலால் இளவயதிலேயே இறந்துபோனார். அரண்மனைப் பெண்ணுக்கே இந்தக் கதி என்றால், மலைக் கிராமத்துப் பெண்களின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

வந்த புதிதில் உடன் ஊழியரான ஒரு மருத்துவர் அவர்களை எச்சரித்தாராம்: இங்கே பிஸ்டுலா நோயாளிகள் வருவார்கள், அவர்களைக் கண்டால் உங்கள் நெஞ்சு உடைந்துபோகும் என்று. ஹாம்லின் தம்பதியர் அந்த நோயை அதுவரை கண்ணால் கண்டதில்லை. அவர்கள் நாட்டில் அது பாடப்புத்தகத்தோடு நின்றுபோன நோய்.

இங்கே சற்று வெளிப்படையாக எழுதவேண்டியிருக்கிறது, வாசகர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் பௌத்திரம் என்று சொல்லும் நோய்க்கும் ஆங்கிலத்தில் பிஸ்டுலா என்றே பெயர். நாம் சொல்வது அதுவல்ல, பிரசவத்தினால் வருவது. பிள்ளையின் தலை தாயின் இடுப்பெலும்புக்குள் இறங்கமுடியாமல் சிக்கிக்கொள்ளுகிறது. கைக்கெட்டும் தூரத்தில் மருத்துவமனை இருந்தால் சிசேரியன் செய்து சில மணி நேரத்தில் தாயையும் பிள்ளையையும் காப்பாற்றிவிடலாம். இல்லாவிட்டால் வலி இரண்டு நாள், மூன்று நாள், சில பெண்களுக்கு அதற்கு மேலும் நீடிக்கும். அத்தனை நேரமும் பிள்ளையின் தலை ஒரு பக்கமும் எலும்பு ஒரு பக்கமுமாக நடுவிலிருக்கும் மென்மையான சதையை நசுக்கிக்கொண்டிருக்கும். ரத்த ஓட்டம் நின்று அந்தச் சதை செத்துப்போகும். பிள்ளை பெரும்பாலும் இறந்தே பிறக்கும். சில நாள் கழித்து செத்த சதை கழன்று விழுந்து, சிறுநீர்ப்பைக்கும் பிறப்பு வழிக்கும் இடையே ஓட்டை விழுந்துவிடும். சிலருக்கு மலக்குடலிலும் அப்படியே. அதற்குப் பிறகு சிறுநீரை அடக்கவே முடியாது. இரவும் பகலும் ஒழுகிக்கொண்டே இருக்கும். கால் நரம்பு நசுங்கியதால் பாதம் தொங்கிப்போய் நடக்கமுடியாதவர்களும் உண்டு. ஒழுகுவது குறையட்டும் என்று தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுவார்கள். அதனால் சிறுநீர் தடித்து, தோல் வெந்து புண்ணாகும்.

பிள்ளையும் இல்லை, நாற்றமும் போகவில்லை. புருஷன் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவான். தாய்வீட்டிலும் தனிக் குடிசைதான். பன்னிரண்டு வருஷம் பெரும்பாட்டினால் வருந்திய ஸ்திரீயைப்பற்றி நாம் எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறோம். அவள் நோயாளி மட்டுமல்ல, ஜனங்களோடு கலக்கக்கூடாதவளாகவும் இருந்தாள். எத்தியோப்பியாவின் இந்தப் பெண்களை நினைக்கும்போது அந்தப் பகுதி எங்களுக்குப் புதிதாக விளங்குகிறது. அவள் ஒளிந்து வந்து தொட்டாள். ஆண்டவரோ அவளை எல்லார் முன்னிலையிலும் அழைத்து, மகளே என்றார்.

கிராமத்திலேயே பெண்களுக்குச் சீக்கிரம் விவாகம் செய்துவிடுவதுதான் காரணம் என்று சிலர் எழுதுவார்கள். இளம்பெண்ணின் இடுப்பெலும்பு வளராமல் இருப்பது ஒரு காரணம்தான். ஆனால் நாலாவது, ஐந்தாவது பிரசவத்தில் இந்த நோய் வந்தவர்களும் இருக்கிறார்கள். மருத்துவர்கள் மூன்று தாமதங்களைச் சொல்லுகிறார்கள்: ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று வீட்டார் தீர்மானிப்பதில் தாமதம், வழியில் தாமதம், போய்ச் சேர்ந்த இடத்தில் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். கட்டை வண்டியில் வைத்துக் கொண்டுவந்த பிரசவங்களைப்பற்றி எங்கள் ஓய்வுபெற்ற நர்ஸம்மாக்கள் சொல்லும் கதைகளும் இந்த மூன்றில் ஏதாவது ஒன்றில்தான் முடியும். இன்று தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99 பிரசவத்துக்கு மேல் மருத்துவமனையில் நடப்பதால் இந்த நோயை நாம் மறந்தேபோனோம். உலகத்தில் இன்னும் சுமார் 5 லட்சம் பெண்கள் இதோடு வாழ்வதாக ஐக்கிய நாடுகளின் மக்கள்தொகை நிதியம் மதிப்பிடுகிறது.

ஹாம்லின் தம்பதியர் இந்த ஆபரேஷனைப் புத்தகத்திலிருந்துதான் கற்றார்கள். எகிப்தின் கோப்டிக் கிறிஸ்தவ மருத்துவர் நஜீப் மஹ்ஃபூஸ் எழுதியவையும் வரைந்தவையும் அவர்களுக்குப் பெரிதும் உதவின. (நோபல் பரிசு பெற்ற நாவலாசிரியருக்கும் அதே பெயர் என்று வியக்கவேண்டாம். கடினமான பிரசவத்தில் அந்தப் பிள்ளையை உயிரோடு எடுத்த டாக்டரின் பெயரையே பெற்றோர் வைத்தார்கள்.) அதற்கும் முன்னே, இந்த ஓட்டையை முறையாகத் தைத்து மூடியவர் என்று பெயர் பெற்றவர் 1840களில் அமெரிக்காவின் அலபாமாவில் இருந்த ஜேம்ஸ் மரியன் சிம்ஸ். அவர் யாரை வைத்துப் பழகினார் தெரியுமா? அனார்க்கா, பெட்ஸி, லூசி முதலிய அடிமைப் பெண்களை வைத்து. மயக்க மருந்து இல்லாமல். அனார்க்காவுக்கு மட்டும் ஏறக்குறைய 30 தடவை. இந்தச் சிகிச்சையினால் சுகம் பெற்ற பெண்கள் அனைவரும் அந்த மூவருக்கும் கடன்பட்டிருக்கிறார்கள் என்றே நாங்கள் எண்ணுகிறோம். சிம்ஸ் பெயரை எழுதுகிறபோதெல்லாம் அவர்கள் பெயரையும் எழுதவேண்டும்.

முதல் மூன்று வருஷத்தில் ஹாம்லின் தம்பதியர் 300 பெண்களுக்கு ஆபரேஷன் செய்தார்கள். செய்தி பரவியது. மலைகளைத் தாண்டி, நாள்கணக்கில் நடந்து, பஸ்ஸில் ஏறினால் மற்றவர்கள் இறக்கிவிட, பிச்சையெடுத்துக் காசு சேர்த்து வந்தார்கள். எந்த வேலைக்காக அழைக்கப்பட்டார்களோ அந்த மருத்துவச்சிப் பள்ளியின் கதை வேறு. ஏறக்குறைய பத்துப் பேர் பயின்று முடித்த நிலையில் அரசாங்கம் அதை மூடிவிட்டது. விதைக்கப் போனவர்களின் கையில் கலப்பை இல்லை. வாசலிலோ காயம்பட்டவர்களின் கூட்டம்.

1974இல் தனி மருத்துவமனைக்கு அஸ்திபாரம் போடப்பட்டது. அதே வருஷம் புரட்சி வந்து பேரரசர் பதவியிழந்தார். இராணுவ ஆட்சி தொடங்கியது. வெளிநாட்டார் பலர் புறப்பட்டுப் போனார்கள். ஹாம்லின் தம்பதியர் போகவில்லை. 1975இல் அடிஸ் அபாபா பிஸ்டுலா மருத்துவமனை திறக்கப்பட்டது. சிகிச்சை முற்றிலும் இலவசம். ஓட்டையைத் தைத்து மூடியபின் ஏறக்குறைய இரண்டு வாரம் சிறுநீர்க் குழாயோடு படுத்திருக்கவேண்டும். பத்தில் ஒன்பது பேருக்கு ஓட்டை மூடிவிடும். சுகமான பெண் வீட்டுக்குப் புறப்படும்போது புது ஆடை உடுத்தி அனுப்புவார்கள். வருஷக்கணக்கில் நனைந்த துணியிலேயே இருந்தவளுக்கு ஒரு புதுத் துணி என்ன என்பதை நம் வீட்டுத் தாய்மார்களுக்கு நாங்கள் விளக்கவேண்டியதில்லை.

மாமிட்டு காஷே என்ற பெண்ணைப்பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. 1962இல், பதினாறு வயதை ஒட்டிய வயதில், பிள்ளையை இழந்து இந்த நோயோடு அவர்களிடம் வந்து சேர்ந்தார். பல தடவை ஆபரேஷன் செய்தும் முழு சுகம் கிடைக்கவில்லை. பள்ளிக்கூடம் போனதில்லை. படுக்கை விரித்துக் கொடுக்கத் தொடங்கினார். பிறகு தியேட்டரில் கருவி எடுத்துக் கொடுத்தார். டாக்டர் ரெஜினால்ட் ஹாம்லின் பக்கத்தில் நின்று கவனித்தார். பின்பு தாமே தைக்கத் தொடங்கினார். வெளிநாடுகளிலிருந்து வந்த மருத்துவர்கள் அவரிடம் இந்த ஆபரேஷனைக் கற்றுப்போனார்கள். 1989இல் லண்டனின் ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸ் தங்கப் பதக்கம் வழங்கியது. 2018இல் பி.பி.சி. வெளியிட்ட நூறு பெண்கள் பட்டியலிலும் அவர் பெயர் இடம்பெற்றது.

1993இல் ரெஜினால்ட் ஹாம்லின் காலமானார். அம்மையாருக்கு அப்போது 69 வயது. ஆஸ்திரேலியாவுக்குத் திரும்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். தங்கிவிட்டார். சிறுநீர்ப்பையே அழிந்துபோய், வயிற்றில் பை கட்டிக்கொண்டு வாழவேண்டிய பெண்களுக்காக 2002இல் தெஸ்தா மெந்தர் என்ற குடியிருப்பைத் தொடங்கினார். 'மகிழ்ச்சியின் கிராமம்' என்று அர்த்தம். பாஹிர் தார், மெகெல்லே, யிர்காலெம், ஹரார், மெத்து என்ற ஐந்து ஊர்களில் கிளை மருத்துவமனைகள் எழும்பின. இதுவரை 60,000 பெண்களுக்கு மேல் சிகிச்சை பெற்றிருக்கிறார்கள்.

அம்மையாருக்கு அது போதவில்லை. ஒருத்தியை வீட்டுக்கு அனுப்பிவைத்தால், அவளுடைய கட்டிலுக்கு அடுத்தவள் வாசலில் காத்திருந்தாள். எத்தனை தைத்தாலும், மலையில் எங்கோ இன்றிரவு ஒரு பெண் இரண்டாம் நாள் வலியில் துடித்துக்கொண்டிருந்தாள். ஆகவே 2007இல், தமது 83ஆம் வயதில், அவர் ஹாம்லின் மருத்துவச்சிகள் கல்லூரியைத் திறந்தார். 48 வருஷத்துக்கு முன்னே எந்த வேலைக்காக விமானத்திலிருந்து இறங்கினாரோ அந்த வேலை! கிராமத்துப் பெண்பிள்ளைகளையே தெரிந்தெடுத்து, நாலு வருஷப் பட்டப்படிப்புக் கொடுத்து, அவர்கள் பகுதிக்கே திருப்பி அனுப்புகிறார்கள். முதல் வகுப்பு 2010இல் வெளியே வந்தது.

அப்படிப்பட்ட ஒரு பிள்ளை கிராமத்தில் என்ன செய்வாள்? பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். பிரசவ வரைபடம் என்று ஒரு தாள் இருக்கிறது. வலி தொடங்கியபின் கர்ப்பப்பை வாய் எவ்வளவு திறந்தது, தலை எவ்வளவு இறங்கியது, பிள்ளையின் இதயத்துடிப்பு எத்தனை என்று நேரப்படி அதில் குறித்துக்கொண்டே வருவாள். கோடு எல்லையைத் தாண்டினால், இது தானாகப் பிறக்காமல் போகலாம் என்று தெரிந்துவிடும். முதல் நாள் சாயங்காலமே வண்டி பிடித்து அனுப்பிவிடுவாள். தாள் சில காசு. அதை வாசிக்கத் தெரிந்த பெண்ணை உருவாக்கத்தான் வருஷங்கள் ஆகின்றன. அவள் அனுப்பியதால் நோய் வராமல் போன தாயின் படத்தை எந்த மடலிலும் போடமுடியாது. அவளுக்குத்தான் ஒன்றும் நடக்கவில்லையே. எங்களைப் போன்றவர்களும் ஆபரேஷன் கதைகளையே எழுதி உங்களைப் பழக்கிவிட்டோம். அந்தக் குற்றத்தில் எங்களுக்கும் பங்குண்டு. யாத்திராகமத்தில் பார்வோனின் பெயர் எழுதப்படவில்லை, சிப்பிராள், பூவாள் என்ற மருத்துவச்சிகளின் பெயர்கள் எழுதப்பட்டிருக்கின்றன என்று இறையியல் கல்லூரியில் எங்கள் ஆசிரியர் ஒருவர் அடிக்கடி சொல்லுவார். அன்று அதைப் பிரசங்கக் குறிப்பாக மட்டும் எழுதிக்கொண்டோம்.

காத்ரின் ஹாம்லின் அம்மையார் தொண்ணூறு வயதை ஒட்டியும் தியேட்டருக்குள் போய்க்கொண்டிருந்தார். 2012இல் எத்தியோப்பிய அரசாங்கம் அவருக்குக் கௌரவக் குடியுரிமை வழங்கியது. 2020 மார்ச் 18 அன்று, தமது 96ஆம் வயதில், அடிஸ் அபாபாவில் தமது வீட்டிலேயே கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். மூன்று வருஷ ஒப்பந்தம் 61 வருஷமாயிற்று.

இந்த மடலோடு வழக்கம்போல் காணிக்கை உறை வைத்திருக்கிறோம். அதில் மருத்துவச்சிப் பயிற்சிக்கென்று ஒரு கட்டம் உண்டு. திரும்பி வரும் உறைகளில் அநேகமாக அது வெறுமையாகவே இருக்கும். அந்த நண்பருக்கு இவ்விதழின் பிரதி ஒன்றைத் தனியே அனுப்புகிறோம். தியேட்டர் விளக்கும் தேவைதான். அதை வேண்டாமென்று நாங்கள் சொன்னதாக அவர் எண்ணிவிடவேண்டாம்.