வயிற்றின் மூன்று பங்கு

உடல்நலம், ஓய்வு ஆகிய இரு அருட்கொடைகளின் மதிப்பை உணராமல் மக்களில் பலர் இழப்புக்கு ஆளாகின்றனர் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் பதிவு செய்துள்ள நபிமொழி இது. நலம் கையிலிருக்கும்வரை அதனை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. கைவிட்டுப் போனபின் மருத்துவமனைகளில் தேடி அலைகிறோம். அந்த இழப்பு பலருக்கு வயிற்றிலிருந்தே தொடங்குகிறது.

புனித ரமலானையே எடுத்துக்கொள்வோம். பகல் முழுவதும் பசித்திருக்கிறோம், தாகித்திருக்கிறோம். மஃரிபின் பாங்கொலி கேட்டதும் கஞ்சி, வடை, சமோசா, சர்பத் என ஒன்றன்மேல் ஒன்றாக வயிற்றுக்குள் இறங்குகின்றன. இரவில் இறைச்சியும் நெய்ச்சோறும். ஸஹர் நேரத்தில் மீண்டும் வயிறு முட்ட உணவு. விளைவு என்ன? தராவீஹ் தொழுகையில் வயிறு உப்பி, நெஞ்சு எரிந்து, ருகூவுக்குக் குனியவும் ஸுஜூதில் தலை வைக்கவும் இயலாமல் பலர் தவிக்கின்றனர். ஒரு மாத நோன்புக்குப் பின் எடை கூடியவர்களும் நம்மிடையே உண்டு. இது நோன்பின் குறையன்று. நோன்பு திறந்தபின் நாம் உண்ணும் முறையின் குறையே.

உப்பலும் தொந்தியும்

வயிறு பெருத்துத் தோன்றுவதற்குக் காரணம் ஒன்றல்ல. வயிற்று உப்பல் வேறு, தொந்தி வேறு. உப்பல் வரும், போகும். காலையில் தட்டையாக இருந்த வயிறு இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பறைபோல் விறைத்து நிற்கும். அவசர அவசரமாக விழுங்கும்போது உணவுடன் காற்றும் உள்ளே செல்கிறது. சோடா கலந்த பானங்கள் வாயுவைக் கூட்டுகின்றன. பருப்பு, பயறு வகைகளிலுள்ள சில சர்க்கரைப் பொருள்கள் சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலை அடைந்து, அங்குள்ள நுண்ணுயிர்களால் நொதித்து வாயுவாகின்றன. மலச்சிக்கலும், சிலருக்குப் பால் செரியாமையும் இதற்குக் காரணமாகும்.

தொந்தியோ ஒரே நாளில் வருவதும் அன்று. ஒரே நாளில் போவதும் அன்று. செலவாகாமல் எஞ்சிய உணவைக் கொழுப்பாக உடல் சேமித்து வைக்கிறது. தோலுக்கு அடியில் தங்கும் கொழுப்பைவிட, கல்லீரலையும் குடலையும் சூழ்ந்து வயிற்றின் உட்புறத்தில் தங்கும் கொழுப்பே மிகுந்த கேடு தருவது. நீரிழிவு, இரத்த அழுத்தம், இதய நோய் ஆகியவற்றுக்கு அது வழிகோலுகிறது. நம் நாட்டவர்க்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களில் 90 சென்டிமீட்டரையும், பெண்களில் 80 சென்டிமீட்டரையும் தாண்டினால் விழிப்புக் கொள்ள வேண்டும் என்பது மருத்துவர்கள் வகுத்துள்ள எல்லை.

அண்ணலார் வகுத்த அளவு

உண்ணவும் பருகவும் நமக்கு அனுமதியளித்த திருமறை, அதே மூச்சில் வரம்பு மீறுதலையும் தடுக்கிறது (7:31). அந்த வரம்பு எது என்பதற்கு மிக்தாம் பின் மஅதீகரிப் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி விளக்கமாக அமைந்துள்ளது. இமாம் திர்மிதீ (ரஹ்) அவர்களின் தொகுப்பில் அது இடம்பெற்றுள்ளது. மனிதன் நிரப்பும் பாத்திரங்களில் வயிற்றைவிடத் தீயது இல்லை. முதுகை நிமிர்த்தி நிற்கச் செய்யும் சில கவளங்களே அவனுக்குப் போதும். அதனினும் கூடுதல் வேண்டுமாயின் ஒரு பங்கு உணவுக்கும், ஒரு பங்கு நீருக்கும், ஒரு பங்கு மூச்சுக்குமாக இருக்கட்டும் என்பது அதன் கருத்தாகும்.

இங்கே ஒரு நுட்பத்தை நாம் கவனிக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கு என்பது அண்ணலார் முதலில் பரிந்துரைத்த அளவன்று. சில கவளங்களோடு நிறுத்த இயலாதவர்க்கு அளித்த சலுகை. நாமோ அந்தச் சலுகையையும் கடந்து, மூச்சின் பங்கையும் உணவுக்கே கொடுத்துவிடுகிறோம்! இரைப்பைக்கு மேலேதான் மூச்சு வாங்க உதவும் உதரவிதானம் அமைந்துள்ளது. வயிறு புடைத்து மேலே அழுத்தினால் மூச்சு முட்டாமல் என்ன செய்யும்?

ஹிஜ்ரி 751இல் (கி.பி. 1350) மறைந்த பேரறிஞர் இப்னுல் கையிம் (ரஹ்) அவர்கள் இந்நபிமொழியை விளக்குகையில், உணவைத் தேவை, போதுமானது, மிகை என மூன்று படிகளாகப் பிரித்துக் காட்டுகிறார்கள். வயிறு நிரம்பினால் உடல் சோர்ந்து, வணக்க வழிபாடுகளில் மந்தம் உண்டாவதையும் சுட்டுகிறார்கள். அவர்கள் கூறிய அந்த மந்தத்தைத்தான் தராவீஹின் பின்வரிசையில் இன்று நாம் காண்கிறோம்.

அண்ணலாரின் முன்னிலையில் ஒருவர் ஏப்பம் விட்டபோது, அதனை அடக்கிக்கொள்ளுமாறு கூறி, இவ்வுலகில் மிகுதியாக வயிறு நிரப்பியோர் மறுமையில் நெடும்பசிக்கு ஆளாவர் என்று அவர்கள் எச்சரித்ததும் திர்மிதீயில் காணப்படுகிறது. ஆக, மிதமிஞ்சிய உணவு உடலுக்கு மட்டுமன்று, மறுமைக்கும் கணக்காகிறது.

செய்ய வேண்டியவை

கனிந்த பேரீச்சம்பழம், அது இல்லையேல் உலர்ந்த பேரீச்சம்பழம், அதுவும் இல்லையேல் சில மிடறு தண்ணீர் - இவ்வாறே பெருமானார் (ஸல்) அவர்கள் மஃரிபைத் தொழுவதற்கு முன் நோன்பு திறப்பார்கள் என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். இதில் அமைந்துள்ள நன்மையைப் பாருங்கள். வயிறு நிரம்பிய செய்தி மூளைக்கு எட்டச் சுமார் 20 நிமிடங்கள் ஆகும். சிறிதளவு உண்டு, தொழுதுவிட்டு வந்து அமர்பவருக்குப் பசியின் வெறி தணிந்திருக்கும். ஒரு கிண்ணம் கஞ்சியே அவருக்கு நிறைவளிக்கும். எண்ணெயில் பொரித்தவற்றையும், இனிப்புப் பானங்களையும் நாள்தோறும் விரிப்பில் வைப்பதைக் குறைத்துக்கொள்வது நலம். மென்று நிதானமாக உண்பதும், இரவுணவுக்குப் பின் பள்ளிவாசலுக்கு நடந்தே செல்வதும் உப்பலைத் தணிக்கும்.

வயிற்றில் இறுகக் கட்டும் வார்களும், விளம்பரம் செய்யப்படும் சூரணங்களும் தொந்தியைக் கரைத்துவிடா. உணவைக் குறைத்து, உடலை உழைக்கச் செய்வதே வழி. வாரத்திற்கு 150 நிமிடமாவது சற்று வேகமான நடை வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. மேட்டிலிருந்து இறங்குபவரைப் போல் விரைந்து நடப்பது அண்ணலாரின் இயல்பு என்பதும், அவர்களின் வயிறும் மார்பும் சமமாக இருந்தன என்பதும் ஷமாயில் நூல் தரும் செய்திகளாகும்.

பழிக்கலாகாது

எனினும், பருத்த உடலைக் கண்டதும் பெருந்தீனிக்காரர் என முடிவு கட்டுவது பெரும் தவறு. சுரப்பிக் கோளாறும், சில மருந்துகளும், பரம்பரையும் உடலைப் பெருக்கச் செய்யும். கல்லீரல் நோயால் வயிற்றில் நீர் கோத்தாலும் வயிறு பெருக்கும். பிறரை எள்ளுவதைத் திருமறை தடுத்துள்ளது (49:11). இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மெலிந்த கால்களைக் கண்டு தோழர்கள் சிரித்தபோது, மறுமையின் தராசில் அவை உஹது மலையைவிடக் கனமானவை என்று அண்ணலார் கூறினார்கள். மெலிவாயினும் பருமனாயினும் உடல் நகைப்புக்குரியதன்று.

உப்பல் பல வாரங்கள் நீடித்தாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, வாந்தி தொடர்ந்தாலோ தாமதமின்றி மருத்துவரை அணுக வேண்டும். குறிப்பாக, ஐம்பது வயதைக் கடந்த பெண்களுக்குப் புதிதாகத் தோன்றி நீங்காதிருக்கும் உப்பல் கருப்பை அண்டகத்தின் நோயாகவும் இருக்கக்கூடும். நம் தாய்மார்கள் வெட்கத்தாலும், வீட்டு வேலையாலும் இதனை மறைத்துக் காலம் கடத்துகின்றனர். மருத்துவம் செய்துகொள்ளுமாறு ஏவியதும் நபிவழியே. நீரிழிவுக்கு மருந்து உட்கொள்வோர் மருத்துவரைக் கேட்டபின்னரே நோன்பு நோற்க வேண்டும். நோயாளிக்கு இறைவனே சலுகை அளித்துள்ளான் (2:184).

ஒருவரின் உணவு இருவருக்குப் போதும் என்பது நபிமொழி. நம் விரிப்பில் மிகையாக உள்ளது, அண்டை வீட்டில் குறையாக உள்ளதாக இருக்கலாம். கையை ஒரு கவளம் முன்னரே நிறுத்துவோமாயின் நம் வயிறு இலேசாகும். அவர் வயிறு நிறையும். உண்பதிலும் பருகுவதிலும் நடுநிலை பேணி, அமானத்தாகிய இவ்வுடலைக் காத்து, அயர்வின்றி வணங்கும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.