ஜொகூர்க் கடலில் எரிபொருள் விலையும் பொழுதுபோக்குப் படகோட்டமும்

முன்னுரை

எரிபொருள் விலை உயரும் காலங்களில் பேருந்துக் கட்டணம், சரக்குந்து வாடகை, காய்கறி விலை ஆகியவை பற்றிப் பெரிதும் பேசப்படுகின்றது. கடலில் ஓடும் படகுகளைப் பற்றிய பேச்சு அருகியே எழுகின்றது. அவற்றுள்ளும் பொழுதுபோக்கிற்காக ஓடும் படகுகள் 'செல்வர்தம் விளையாட்டு' எனும் ஒரு சொல்லால் ஒதுக்கப்பட்டுவிடுகின்றன. இவ்வொதுக்கம் சரியானதா என்பதே இக்கட்டுரையின் அடிப்படை வினா ஆகும். ஜொகூர் மாநிலத்தைக் களமாகக் கொண்டு, எரிபொருள் விலை எவ்வாறு உருவாகின்றது, அது படகோட்டத்தை எவ்வகையில் தாக்குகின்றது, அத்தாக்கத்தை உண்மையில் சுமப்பவர் யாவர் என்பனவற்றை இங்கு விளக்க முற்படுகின்றோம்.

சொல்லும் பொருளும்

தமிழ் நாளேடுகள் இத்தகைய படகுகளை 'உல்லாசப் படகு' என்றே பெரும்பாலும் குறிக்கின்றன. உல்லாசம் எனும் சொல்லில் களிப்பும் செல்வச் செருக்கும் கலந்து ஒலிக்கின்றன. கோடிக்கணக்கில் விலைபெறும் தனியார் கலத்துக்கு அச்சொல் பொருந்தலாம். ஆயின், சுற்றுலாப் பயணியர் பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு பவளப்பாறையைக் காட்டிவரும் சிறுபடகிற்கும் தூண்டில்காரர்களைக் கடலுக்குள் இட்டுச்செல்லும் கண்ணாடியிழைப் படகிற்கும் அது பொருந்துமா? பயணிக்குப் பொழுதுபோக்காக அமைவது படகோட்டிக்குப் பிழைப்பாக அமைகின்றது. எனவே 'பொழுதுபோக்குப் படகோட்டம்' எனும் தொடரையே இக்கட்டுரையில் ஆள்கின்றோம்.

'மானியம்' என்ற சொல்லும் கருதத்தக்கது. பண்டு கோயிற்பணிக்கும் ஊர்ப்பணிக்கும் வரியின்றி விடப்பட்ட நிலத்தைக் குறித்த அச்சொல், இன்று அரசு விலையில் ஏற்கும் பங்கினைக் குறிக்கின்றது. ஒரு பணியைக் கருதி அளிக்கப்படுவது என்னும் பழம்பொருளை நினைவிற்கொண்டால், எப்பணிக்கு மானியம் உரியது என்னும் இன்றைய வினாவும் தெளிவுபெறும்.

ஜொகூரின் இரு கரைகள்

ஜொகூரில் பொழுதுபோக்குப் படகோட்டம் இருவேறு கரைகளில் இருவேறு முகங்களோடு விளங்குகின்றது. தெற்கே ஜொகூர் நீரிணையை ஒட்டி, புத்திரி ஹார்பர், செனிபோங் கோவ் முதலிய மரினாக்கள் அமைந்துள்ளன. இங்குக் கட்டப்பட்டிருப்பவை பெரும்பாலும் தனியார் கலங்கள். அவற்றின் உரிமையாளர்க்கு எரிபொருள் பல செலவுகளுள் ஒன்று மட்டுமே. நிறுத்தக் கட்டணம், காப்புறுதி, அடிப்பாகத்தைச் சுரண்டிச் சாயம் பூசுதல் ஆகியவை படகு அசையாதிருப்பினும் செலுத்தவேண்டியவை. ஆகவே விலை உயரும்போது அவர்கள் படகை உடனே விற்பதில்லை, ஓட்டத்தைக் குறைக்கின்றனர்.

கிழக்கே தென்சீனக் கடலை நோக்கி மெர்சிங் அமைந்துள்ளது. ராவா, பெசார், திங்கி, அவுர், பெமாங்கில் முதலிய தீவுகளுக்கும், பகாங் மாநிலத்தைச் சேர்ந்த தியோமானுக்கும் இதுவே வாயில். தஞ்சோங் லெமானிலிருந்து சிபு தீவிற்குப் படகுகள் செல்கின்றன. ராவா ஏறத்தாழ 16 கிலோமீட்டர் தொலைவிலும் அவுர் 60 கிலோமீட்டருக்கும் அப்பாலும் உள்ளன. மெர்சிங் ஆற்றுமுகம் ஆழம் குறைந்தது; படகுகள் நீரேற்றத்தைப் பார்த்தே புறப்படுகின்றன. நவம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்குப் பருவக்காற்று கடலைக் கொந்தளிக்கச் செய்வதால், பன்னிரு திங்களுக்குரிய வருவாயை எட்டு ஒன்பது திங்களில் ஈட்டவேண்டிய நிலை இங்குள்ளோருக்கு உண்டு. விலையேற்றம் பருவத்தின் நடுவே நிகழின், அதனை ஈடுசெய்யக் காலம் இல்லை.

விலை உருவாகும் முறை

மலேசியாவில் எரிபொருளின் சில்லறை விலை 1983 முதல் தானியங்கு விலைமுறை ஒன்றினால் கணிக்கப்பட்டு வருகின்றது. சிங்கப்பூர்ச் சந்தையில் நிலவும் சுத்திகரிக்கப்பட்ட எண்ணெயின் சராசரி விலையோடு, விநியோகச் செலவு, நிறுவனங்களின் ஆதாயம், நிலைய உரிமையாளர் ஆதாயம் ஆகியவை கூட்டப்படும். அக்கூட்டுத்தொகைக்கும் அரசு அறிவிக்கும் விலைக்கும் இடையிலான வேறுபாடே மானியம். ஜொகூரின் பெங்கெராங்கில் நாளொன்றுக்கு 300,000 பீப்பாய்க் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் ஆலை உள்ளது. எனினும் அருகில் ஆலை இருப்பது மெர்சிங் படகோட்டிக்கு விலைக்குறைவைத் தருவதில்லை. விலையை முடிவுசெய்வன உலகச் சந்தையும் அரசின் கொள்கையுமே ஆகும்.

இதன் விளைவைச் சில ஆண்டுகள் தெளிவாகக் காட்டுகின்றன. 2008 ஜூன் 5ஆம் நாள் பெட்ரோல் லிட்டருக்கு 1.92 வெள்ளியிலிருந்து 2.70 வெள்ளிக்கும், டீசல் 1.58 வெள்ளியிலிருந்து 2.58 வெள்ளிக்கும் உயர்த்தப்பட்டன. அவ்வாண்டு ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய்க்கு 147 அமெரிக்க டாலரைத் தொட்டது. அப்போது அறிவிக்கப்பட்ட 625 வெள்ளி, 150 வெள்ளி ஈட்டுத்தொகைகள் சாலையில் ஓடும் மகிழுந்து, மோட்டார்சைக்கிள் உரிமையாளரை நோக்கியவை. 2014 டிசம்பர் 1 முதல் மானியம் நீக்கப்பட்டு, விலை சந்தையோடு இணைக்கப்பட்டது. 2021இல் ரோன்95 பெட்ரோல் 2.05 வெள்ளிக்கும் டீசல் 2.15 வெள்ளிக்கும் மேல் உயராதவாறு மீண்டும் வரம்பிடப்பட்டன. 2024 ஜூன் 10ஆம் நாள் தீபகற்பத்தில் டீசல் 3.35 வெள்ளியாயிற்று. ஓரிரவில் ஏற்பட்ட இவ்வுயர்வு ஏறத்தாழ 56 விழுக்காடு ஆகும். 2025 செப்டம்பர் 30 முதல் புடி95 திட்டத்தின்கீழ் ரோன்95 பெட்ரோல் குடிமக்களுக்கு 1.99 வெள்ளிக்கு, திங்களுக்கு 300 லிட்டர் எனும் அளவோடு வழங்கப்பட்டது. மானியமற்ற விலை அன்று 2.60 வெள்ளியாக இருந்தது.

படகு ஏன் மிகுதியாக எரிக்கின்றது?

மகிழுந்தின் உருளைகள் சாலையில் சிறிதளவு தடையையே எதிர்கொள்கின்றன. படகோ காற்றைக் காட்டிலும் ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியுள்ள நீரைப் பிளந்து செல்லவேண்டும். 150 குதிரைத்திறன் கொண்ட பெட்ரோல் இயந்திரம் பூட்டிய சிறுபடகு மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் 30 லிட்டர் எரிக்கின்றது எனக் கொள்வோம். கிலோமீட்டருக்கு 0.75 லிட்டர் ஆகின்றது. 100 கிலோமீட்டருக்கு 8 லிட்டர் எரிக்கும் மகிழுந்தோடு ஒப்பிட்டால் இது ஒன்பது மடங்கிற்கும் மேல். லிட்டருக்கு 10 சென் உயர்வு மகிழுந்தில் கிலோமீட்டருக்கு ஒரு சென்னுக்கும் குறைவாகவும், படகில் ஏழரை சென்னாகவும் வெளிப்படுகின்றது.

'மெதுவாகச் செலுத்தினால் போதாதா?' எனும் வினா எழுவது இயல்பு. விடை படகின் அடிவடிவத்தைப் பொறுத்தது. நீரை விலக்கிக்கொண்டு செல்லும் கனத்த படகில், தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தை ஒட்டி உயர்கின்றது. அதன்படி வேகத்தை 10 விழுக்காடு குறைத்தால், அதே தொலைவுக்குரிய எரிபொருள் ஏறத்தாழ 19 விழுக்காடு குறையும். ஆனால் நீர்மேல் எழுந்து வழுக்கிச் செல்லுமாறு அமைக்கப்பட்ட விரைவுப்படகு அவ்வாறன்று. அது வழுக்கும் நிலையை இழந்து முன்பகுதி தூக்கியவாறு உழலுமாயின், வேகம் குறைந்த பின்னும் கிலோமீட்டருக்குக் கூடுதலாகவே எரிக்கும். தீவுப் பயணங்களில் ஓடும் சிறுபடகுகள் பல இவ்வகையின. எனவே சிக்கனம் என்பது ஓட்டுநரின் மனத்தை மட்டும் பொறுத்ததன்று.

இருக்கைக் கணக்கு

விளக்கத்தின் பொருட்டு ஒரு கணக்கைக் காண்போம். டீசல் படகொன்று தீவுக்குச் சென்று திரும்ப 3 மணி நேரம் ஓடி, மணிக்கு 60 லிட்டர் எரிக்கின்றது எனக் கொண்டால், மொத்தம் 180 லிட்டர். 2.15 வெள்ளி விலையில் இதற்கு 387 வெள்ளி, 3.35 வெள்ளி விலையில் 603 வெள்ளி. வேறுபாடு 216 வெள்ளி. இருபது பயணியர் இருப்பின் ஒருவருக்கு 10 வெள்ளி 80 சென் கூடுகின்றது. அறுவர் மட்டுமே வந்தால் 36 வெள்ளி கூடுகின்றது. படகு நிறைந்தாலும் வெறுமையாக இருந்தாலும் எரிபொருள் பெரிதும் மாறுவதில்லை என்பதே இங்கு உணரவேண்டியது. இதனால் படகோட்டி மூன்று வழிகளை எதிர்கொள்கின்றார்: கட்டணத்தை உயர்த்துதல், இருக்கை நிறையும்வரை காத்திருத்தல், பயணத்தைக் கைவிடுதல். முதலாவது குறைந்த வருவாய்க் குடும்பங்களையும் பள்ளிச் சுற்றுலாக் குழுக்களையும் விலக்குகின்றது. இரண்டாவதற்கு மெர்சிங்கின் நீரேற்றம் இடந்தருவதில்லை. மூன்றாவது தீவில் வாழ்வோரின் போக்குவரத்தையும் சேர்த்தே குறைக்கின்றது.

பெட்ரோல் படகின் நிலை சற்று வேறு. ராவா வரை சென்றுவர 25 லிட்டர் தேவை எனக் கொண்டால், 2025இல் வழங்கப்பட்ட 300 லிட்டர் எனும் அளவு பன்னிரண்டு பயணங்களில் தீர்ந்துவிடும். தன் மகிழுந்துக்கு ஒரு துளியும் மிச்சமின்றி அனைத்தையும் படகுக்கே ஊற்றினும் கணக்கு இதுவே.

வகைப்பாட்டுச் சிக்கல்

2024 சீரமைப்பின்போது மீனவர்க்குரிய டீசல் விலை லிட்டருக்கு 1.65 வெள்ளியாகவே நீடித்தது. உணவு வழங்கும் தொழிலைக் காக்கும் அம்முடிவு ஏற்கத்தக்கது. எனினும் கடலோர வாழ்வில் மீன்பிடித்தலும் பயணியரை ஏற்றலும் கூர்மையாகப் பிரிந்து நிற்பதில்லை. ஒரே குடும்பத்தில் தந்தை வலை வீச, மகன் தூண்டில்காரர்களை அழைத்துச் செல்வதுண்டு. தொலைவும் இயந்திரமும் கடலும் ஒன்றாயினும், எரிபொருள் விலை அச்சீரமைப்பின்போது தொழிலின் பெயரைப் பொறுத்து ஏறத்தாழ இருமடங்காக வேறுபட்டது. மேலும், எரிபொருளைக் கலன்களில் வாங்கிச் செல்வது 1961ஆம் ஆண்டு வழங்கல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் வழி அனுமதிக்கு உட்பட்டது. கடத்தலைத் தடுக்க இக்கட்டுப்பாடு இன்றியமையாதது. சாலையோர நிலையத்தையே நம்பியிருக்கும் படகோட்டிக்கோ இது இன்னொரு படியாகின்றது.

பிறநாட்டுப் பட்டறிவு

இச்சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று. பிரிட்டனில் சாயமிட்ட, வரிகுறைந்த டீசலைப் பொழுதுபோக்குப் படகுகளும் பயன்படுத்தி வந்தன. 2008 நவம்பர் 1 முதல், படகைச் செலுத்தப் பயன்படும் பங்கிற்கு முழுவரி செலுத்தவேண்டும் என்றும், வெப்பமூட்டலுக்குப் பயன்படும் பங்கிற்குக் குறைந்த வரி போதும் என்றும் பிரிக்கப்பட்டது. ஒரே கலத்திலுள்ள எண்ணெயைக்கூடப் பயன்பாட்டின் அடிப்படையில் வகுக்க இயலும் என்பதற்கு இது சான்று. அமெரிக்காவில் 1979ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடியைத் தொடர்ந்து, வாரயிறுதிகளில் பொழுதுபோக்குப் படகோட்டத்தைக் கட்டுப்படுத்தும் முன்மொழிவு எழுந்தது. படகுத்தொழிலை நம்பியோர் அதனை எதிர்த்தனர். அது நடைமுறைக்கு வரவில்லை. வகைப்பாடு நுண்மையாக அமையாவிடின், சிக்கனத்தின் பெயரால் பிழைப்பு பறிபோகும் என்பதை இவை உணர்த்துகின்றன.

காப்பிருப்பும் உயிர்க்காப்பும்

விலையேற்றத்தின் மிகக் கடுமையான விளைவு பணக்கணக்கில் வெளிப்படுவதில்லை. எடுத்துச்செல்லும் எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு செல்வதற்கு, ஒரு பங்கு திரும்புவதற்கு, ஒரு பங்கு காப்பிருப்பு என்பது படகோட்டத்தில் நெடுங்காலமாகப் போற்றப்படும் நெறி. எதிர்க்காற்று, உயரும் அலை, நீரோட்டம் ஆகியவை திரும்பும் பயணத்தை எவ்வளவு நீட்டிக்கும் என்பதை எவரும் முன்கூட்டி அறியார். விலை உயரும்போது முதலில் சுருங்கக்கூடியது இம்மூன்றாம் பங்கே. பயன்படாமலே திரும்பும் அதனை வீண்செலவு என மனம் எண்ணத் தலைப்படுகின்றது. பருவக்காற்றின் தொடக்கத்தில், அவுர் போன்ற தொலைதீவிலிருந்து திரும்பும் படகிற்கு அப்பங்கே உயிர்க்காப்பு. இயந்திரப் பராமரிப்பைத் தள்ளிப்போடுவதும் இத்தகைய பொய்ச் சிக்கனமே.

பாயும் காற்றும்

எரிபொருள் நெருக்கடி பாய்மரத்தை மீண்டும் நினைவூட்டுகின்றது. கரிகாலனின் முன்னோன் ஒருவன் காற்றை ஏவல்கொண்டு கலம் செலுத்திய செய்தியை வெண்ணிக்குயத்தியார் பாடிய புறநானூற்று 66ஆம் பாடல் தருகின்றது. 'கப்பல்' மலாய் மொழியில் 'காப்பால்' என வழங்குவதும், 'கட்டுமரம்' உலகெங்கும் இரட்டையுடல் பாய்க்கலத்தின் பெயராய் நிலைத்திருப்பதும் தமிழாசிரியர் அறிந்தவையே. பழமையைப் போற்றும் நோக்கில் மட்டும் இதனைக் கூறவில்லை. ஓய்வுநேரப் படகோட்டத்திற்குப் பாய்க்கலம் தக்க மாற்றாகலாம். குறித்த நேரத்தில் பயணியரைச் சேர்க்கவேண்டிய தீவுப்படகிற்கு அது விடையாகாது. மின்கல இயந்திரமும் அமைதியான நீர்நிலையில் குறுந்தொலைவுக்குப் பொருந்துமேயன்றி, தென்சீனக் கடலின் நெடுந்தொலைவைத் தாங்குவது கடினம்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, பொழுதுபோக்குப் படகோட்டம் என்பது ஒருபடித்தானதன்று. நீரிணைக் கரையின் தனியார் கலத்தையும் மெர்சிங்கின் பிழைப்புப் படகையும் ஒரே சொல்லால் அளத்தல் தகாது. இரண்டாவது, படகின் இயல்பு காரணமாக அதே விலையேற்றம் கடலில் பன்மடங்காகத் தாக்குகின்றது. மூன்றாவது, அத்தாக்கம் கட்டணத்தில் மட்டுமன்றிப் பாதுகாப்பிலும் படிகின்றது. செல்வர்தம் கலத்துக்கு மானியம் வேண்டும் என்பது நம் கருத்தன்று. உரிமம் பெற்ற பயணிப்படகுகளைத் தனிவகையாகக் கொண்டு, ஓடிய பயணங்களின் பதிவை அடிப்படையாக வைத்து அளவிடப்பட்ட உதவி வழங்குவதே பொருத்தமாகும் எனக் கருதுகின்றோம். வகுப்பறையிலும், 'உல்லாசம்' என்று எழுதும் மாணவரிடம் அப்படகு யாருக்கு உல்லாசம், யாருக்கு உழைப்பு என்று வினவுதல் நன்று. சொல்லைச் சரியாக வகுத்தல், கொள்கையைச் சரியாக வகுத்தலின் தொடக்கம் ஆகும்.