இழப்பற்ற ஒலி: கேட்போருக்கும் காப்போருக்கும்

இணையவழி இசைச் சேவைகள் அண்மைக் காலமாக 'இழப்பற்ற ஒலி' என்னும் சொல்லை முன்வைத்து வருகின்றன. ஆப்பிள் மியூசிக் 2021 ஜூன் மாதத்தில் கூடுதல் கட்டணமின்றி இதனை வழங்கத் தொடங்கியது. 2013இல் மலேசியாவிற்கு வந்த ஸ்பாட்டிஃபை, 2025 செப்டம்பர் முதல் கட்டணம் செலுத்தும் பயனர்களுக்கு நாடுகள்தோறும் படிப்படியாக இதனை அறிமுகப்படுத்தியது. கிள்ளானில் கொமுட்டர் தொடர்வண்டியில் ஏறிக் கேஎல் சென்ட்ரலில் இறங்கும்வரை பாடல் கேட்டு வரும் மாணவருக்கு இதனால் விளையும் பயன் யாது? அதே மாணவரின் பாட்டனார் தோட்டத்தில் பாடிய பாடல் ஒலிநாடாவில் இருக்குமானால், அதனைக் காக்க விரும்பும் குடும்பத்திற்கு இதனால் விளையும் பயன் யாது? இவ்விரு வினாக்களுக்கும் விடை ஒன்றன்று என்பதே இக்கட்டுரையில் நாம் விளக்க முற்படும் கருத்தாகும்.

ஒலி எண்ணாகும் முறை

தொல்காப்பியம் எழுத்தொலியின் நீட்டத்தை மாத்திரையால் அளக்கிறது. கண்ணிமைக்கும் நேரமும் கைந்நொடிக்கும் நேரமும் அம்மாத்திரைக்கு அளவுகோல். கணினிக்கு இதனினும் மிக நுண்ணிய அளவு தேவைப்படுகிறது. 1982இல் விற்பனைக்கு வந்த குறுவட்டு, ஒலியலையை வினாடிக்கு 44,100 முறை அளக்கிறது. ஒவ்வோர் அளவையும் 16 பிட் கொண்ட எண்ணாக எழுதுகிறது. இடம், வலம் என இரண்டு தடங்கள் உள்ளமையால், வினாடிக்கு ஏறத்தாழ 1,411 கிலோபிட் தரவு சேர்கிறது. ஐந்து நிமிடப் பாடல் ஒன்று 53 மெகாபைட் அளவினதாகிறது.

ஓர் அலையை எண்களிலிருந்து முழுமையாக மீட்க வேண்டுமாயின், அதன் அதிர்வெண்ணின் இருமடங்கிற்கும் மேலான முறை அதனை அளக்க வேண்டும். மனிதச் செவி கேட்கக்கூடிய மேல் எல்லை ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ். அகவை ஏற ஏற அவ்வெல்லையும் இறங்கும். ஆதலின் 44,100 என்னும் எண் செவியின் தேவைக்குப் போதுமானதாக அமைந்தது.

இருவகைச் சுருக்கம்

53 மெகாபைட்டை இணையத்தில் அனுப்புவது முன்னாளில் எளிதன்று. எனவே தரவைச் சுருக்கும் முறைகள் தோன்றின. அவை இருவகைப்படும்.

முதல் வகையை நம் ஆவண மரபைக் கொண்டு விளக்கலாம். பழைய பத்திரங்களில் முன்னர்ச் சொன்ன பெயரை மீண்டும் முழுமையாக எழுதாமல், 'மேற்படி' என்பதற்குரிய ௸ என்னும் குறியை இடுவர். எழுத்து குறைகிறது, பொருளோ பெயரோ குறைவதில்லை. குறி இருக்கும் இடமெல்லாம் பெயரை வைத்தால் பத்திரம் பழையபடி முழுமையாகிவிடும். 2001இல் வெளிவந்த ஃபிளாக் என்னும் வடிவம் இவ்வகையைச் சார்ந்தது. பாடலுக்கேற்ப அது கோப்பைப் பாதியளவிற்கோ அதற்குச் சற்று மேலாகவோ சுருக்கும். விரிக்கும்போது ஓர் எண்கூட மாறாமல் திரும்பத் தரும். இதுவே இழப்பற்ற ஒலி.

இரண்டாம் வகை பொழிப்புரையைப் போன்றது. செய்யுளின் கருத்தைப் பொழிப்புரை தரும். ஆனால் அதனை வைத்துக்கொண்டு செய்யுளின் சொற்களை மீட்க இயலாது. ஜெர்மனியின் பிரவுன்ஹோபர் ஆய்வு நிறுவனத்தார் பெரும்பங்காற்றி உருவாக்கிய எம்பி3 இவ்வகையது. உரத்த ஒலி ஒன்று எழும்போது அதனை ஒட்டிய மெல்லொலிகளைச் செவி உணர்வதில்லை. மிருதங்கத்தின் வலிய அடி விழும் கணத்தில் தம்புராவின் மெல்லிய கூறுகள் சில மறைந்துபோவது இதற்கு எடுத்துக்காட்டு. செவி உணராது என்று கணித்தவற்றை எம்பி3 நீக்கிவிடுகிறது அல்லது தோராயமாகக் குறிக்கிறது. வினாடிக்கு 320 கிலோபிட் அளவில் நம் ஐந்து நிமிடப் பாடல் 12 மெகாபைட்டாகும். 128 கிலோபிட் அளவில் 5 மெகாபைட்டிற்கும் குறையும்.

செவி அறியும் வேறுபாடு

குறைந்த அளவில் சுருக்கினால் கெடுதல் வெளிப்படையாகத் தெரியும். ஜால்ராவின் கூர்மையான ஓசை சலசலப்பாக மாறும். தாள அடிக்குச் சற்று முன்பே ஒரு மங்கலான கலக்கம் கேட்கும். பக்க இசையற்ற தனிக்குரலும் கடினமான சோதனையே. எம்பி3 முறையைச் செம்மைப்படுத்தியோர் சுசான் வேகாவின் தனிக்குரல் பாடலான 'டாம்ஸ் டைனர்' என்பதைத் தேர்வுப்பொருளாகப் பயன்படுத்தியமை இக்காரணம் பற்றியே. ஆயினும் 256 அல்லது 320 கிலோபிட் அளவில் நன்கு சுருக்கப்பட்ட பாடலை மூலத்திலிருந்து பிரித்தறிதல், பெயரை மறைத்து நடத்தும் சோதனைகளில் மிகப் பெரும்பாலோர்க்கு இயலாததாகவே உள்ளது.

பாடல் வரும் வழியையும் நாம் கருத வேண்டும். வழக்கமான புளூடூத் இயர்போனுக்கு ஒலி மீண்டும் ஒருமுறை இழப்புடன் சுருக்கப்பட்டே வந்து சேர்கிறது. தொடர்வண்டியின் இரைச்சல் எஞ்சிய நுட்பங்களையும் மூடிவிடுகிறது. தரவுச் செலவோ மிகுதி. நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் கேட்பவர்க்கு 320 கிலோபிட் அளவில் மாதத்திற்கு 4.3 கிகாபைட் போதும். குறுவட்டுத் தரத்து இழப்பற்ற ஒலிக்கு அதனைப்போல் இரண்டரை மடங்கு வேண்டும்.

பதிவின் தரத்தை இழப்பற்ற வடிவம் உயர்த்துவதுமில்லை. மலாயாவில் பிறந்த மலேசியா வாசுதேவன் 1977இல் '16 வயதினிலே' படத்திற்குப் பாடியது காந்த ஒலிநாடாக் காலம். தேய்ந்த நாடாவிலிருந்து அத்தகைய பாடலைப் படியெடுத்திருந்தால், நாடாவின் இரைச்சலையும் ஃபிளாக் வடிவம் ஓர் அணுவும் குறையாமல் காத்துத் தரும்.

வகுப்பறையில் ஒரு சோதனை

இவற்றை ஆசிரியர்கள் மாணவரைக் கொண்டே சோதித்தறியலாம். குறுவட்டிலிருந்து ஒரு பாடலை எடுத்து, 128, 320 கிலோபிட் அளவுகளில் எம்பி3ஆகச் சுருக்குக. பின் அவற்றை மீண்டும் வேவ் கோப்புகளாக மாற்றுக. அப்போதுதான் கோப்பின் பெயரும் அளவும் விடையைக் காட்டிக்கொடுக்கா. மூன்றின் ஒலியளவும் சமமாக இருத்தல் வேண்டும். சற்று உரத்து ஒலிப்பதே சிறந்ததாகச் செவிக்குத் தோன்றும். மூலத்தையும் ஒரு நகலையும் முதலில் கேட்கச் செய்க. அடுத்து அவ்விரண்டில் ஒன்றைப் பெயர் சொல்லாமல் ஒலிக்கச் செய்து, எதுவென வினவுக. இவ்வாறு 16 முறை செய்க. ஒருவர் 12 அல்லது அதற்கு மேற்பட்ட முறை சரியாகச் சொன்னால், அது வெறும் ஊகத்தால் நிகழ்ந்திருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு நான்கிற்கும் குறைவு. எட்டு அல்லது ஒன்பது முறை மட்டுமே சரியானால், அவர் வேறுபாட்டை அறிந்தார் என்று கொள்ள இயலாது. இசையும் அறிவியலும் கணக்கும் ஒரே பாடவேளையில் கூடும் நல்வாய்ப்பு இது.

காப்போர் கடமை

கேட்பதற்கு உயர்தரச் சுருக்கமே போதுமென்றால், இழப்பற்ற ஒலி தேவையற்றதா? அன்று. கேட்டல் முடியும் இடத்தில் காத்தல் தொடங்குகிறது.

குண்டலகேசியும் வளையாபதியும் நமக்கு முழு நூலாகக் கிட்டவில்லை. உரையாசிரியர்களும் தொகுப்பாசிரியர்களும் எடுத்தாண்ட சில பாடல்களே எஞ்சின. மூலம் அழிந்தபின் எவ்வளவு புலமையும் அதனை மீட்டுத் தரவில்லை. நம் ஒலிச்செல்வத்திற்கும் இந்நிலை நேரக்கூடும். கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பிரிக்பீல்ட்ஸிலும் ஒருகாலத்தில் வாங்கிய நாடாக்கள், கோயில் விழாக் கச்சேரிப் பதிவுகள், தமிழ்ப்பள்ளிக் கலைநிகழ்ச்சிகள், ரப்பர்த் தோட்டத்து முதியோர் பாடிய தாலாட்டும் ஒப்பாரியும் வீட்டு அலமாரிகளில் உள்ளன. திரைப்படப் பாடல்களுக்குப் பெருநிறுவனங்களின் மூலநாடாக்கள் இருக்கலாம். இவற்றுக்கோ அந்த ஒரு நாடாவே மூலம். அதனை 128 கிலோபிட் எம்பி3ஆக மாற்றிவிட்டு நாடாவை எறிந்துவிட்டால், பொழிப்புரையை வைத்துக்கொண்டு ஏட்டைத் தீயிலிட்டவர் ஆவோம். பின்னர் அவ்வெம்பி3ஐ ஃபிளாக்காக மாற்றினாலும் போனது திரும்பாது. அதனை வெட்டி, ஒட்டி, மறுபடியும் சுருக்கும் ஒவ்வொரு முறையும் இழப்பு மேலும் கூடும்.

உலக ஒலி, ஒலி-ஒளி ஆவணக்காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கம் பழைய பதிவுகளை எண்ணியமாக்க, குறைந்தது வினாடிக்கு 48,000 அளவுகளும் 24 பிட்டும் வேண்டுமெனப் பரிந்துரைக்கிறது. செவிக்கு மிகுதியாகத் தோன்றும் இவ்வளவு, இரைச்சலை நீக்கிச் சீர்செய்வோர்க்கு இடந்தருவதற்காகும். இதன்படி ஒரு மணி நேர நாடா சுருக்கப்படாத நிலையில் ஏறத்தாழ ஒரு கிகாபைட் ஆகும். நூறு நாடாக்கள் நூறு கிகாபைட். உள்ளங்கையளவு வன்தட்டு ஒன்றில் இவை அடங்கிவிடும்.

எனவே பள்ளிகளும் இசை பயிற்றும் மன்றங்களும் சில நடைமுறைகளை மேற்கொள்ளலாம். புதிய பதிவைத் தொடக்கத்திலேயே வேவ் அல்லது ஃபிளாக் வடிவில் செய்க. பழைய நாடாவை நல்ல கருவியில், தலைப்பகுதியைத் துடைத்தபின் ஓட்டி எண்ணியமாக்குக. பாடியவர், ஊர், ஆண்டு ஆகியவற்றை எழுதிச் சேர்த்து, இரண்டு படிகளை இரு வேறு இடங்களில் வைத்திடுக. பிறருக்குப் பகிர எம்பி3 நகல் போதும். வாட்ஸ்ஆப்பில் மூலத்தையே அனுப்ப நேர்ந்தால் குரல்பதிவாக அனுப்பாமல், ஆவணக் கோப்பாக அனுப்புக.

இசைச் சேவையின் உயர்தரத் தெரிவுக்காக மாணவர் கவலைகொள்ள வேண்டுவதில்லை. அவர் தொடர்வண்டியில் கேட்கும் பாடல் நாளையும் சேவையில் இருக்கும். வீட்டு அலமாரியில் உள்ள நாடாவிற்கு அந்த உறுதி இல்லை. காந்தப்பூச்சு ஆண்டுதோறும் உதிர்கிறது. அதனை ஓட்டும் கருவிகளும் அருகி வருகின்றன. இழப்பற்ற ஒலி முதலில் சென்றடைய வேண்டிய இடம் அந்த அலமாரியே.