இருதய மருந்தும் பரம்பரையும்

இருதயம் தளர்ந்த வியாதியஸ்தர் இருவருக்கு ஒரே மாத்திரை, ஒரே அளவில் கொடுக்கப்படுகிறது. ஒருவர் தேறுகிறார், மற்றவருக்கோ நாடி மிகவும் குறைந்து தலை சுற்றுகிறது. இதைத் தலைவிதி என்று சொல்லி விடுவது சுலபம். ஆனால் தாய் தந்தையர் வழி வந்த ஜீன்களும் இதற்கு ஒரு காரணமாகலாம் என்கிறது விஞ்ஞானம்.

மெடோப்ரோலால் என்னும் மருந்தைப் பெரும்பாலும் சிதைத்துக் கழிப்பது கல்லீரலிலுள்ள சி.ஒய்.பி.2டி6 என்னும் நொதி. பரம்பரையாகவே அந்நொதி வேலை செய்யாதவரின் இரத்தத்தில் அம்மருந்து பன்மடங்கு தேங்கும். பிறர்க்கு அளவான மாத்திரை அவருக்கு மிகையாகிறது.

நோயின் மூலத்திலும் பரம்பரைக்குப் பங்கு உண்டு. பெருந்துறை தண்டபாணி, ஹைதராபாத் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தின் குமாரசாமி தங்கராஜ் முதலியோர் 2009-ல் ஓர் உண்மையை வெளியிட்டனர். இருதயத் தசைக்குரிய எம்.ஒய்.பி.பி.சி.3 ஜீனில் 25 எழுத்துக்கள் விடுபட்டவர், இந்திய உபகண்டத்தில் நூற்றுக்குச் சுமார் 4 பேர். அவர்கள் யாவரும் நோயுறுவதில்லை. ஆயினும் அபாயம் அதிகம். ஆனால், எவருக்கு எம்மருந்து ஏற்கும் என்பதை இக்கண்டுபிடிப்பு மாத்திரம் சொல்லிவிடாது.

இனத்தின் பெயரைக் கொண்டு மருந்தை நிர்ணயிக்கலாமோ? அமெரிக்காவில் 2005-ல் பைடில் என்னும் மருந்து, தம்மைக் கறுப்பினத்தவர் என்று கூறிக்கொள்வோருக்கென்றே அனுமதிக்கப்பட்டது. 1,050 பேரிடம் நடந்த சோதனையில் மரணம் குறைந்தது மெய்யே. ஆனால் அச்சோதனையில் பிற இனத்தார் சேர்க்கப்படவில்லை. எவருடைய ஜீனையும் பார்த்து அவ்வனுமதி அளிக்கப்படவுமில்லை. இனம் என்பது ஊகம், ஊகம் சாட்சியாகாது.

ஜீன் பரீட்சை எங்கும் வரும்வரை பெரம்பலூரில் பருத்தி, சோளம் விளைவிப்பவரும், அரியலூர் சிமெண்டு ஆலைத் தொழிலாளரும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. சிறு அளவில் தொடங்கி, நாடியும் இரத்த அழுத்தமும் பார்த்துப் படிப்படியாக மருந்தை ஏற்றுவதே வைத்திய முறை. ஒருவருடைய தேகம் மருந்தை எவ்விதம் ஏற்கிறதென்பதை அம்முறையே காட்டிக் கொடுக்கும். ஆனால் அதற்கு அவர் பலமுறை வைத்தியரிடம் வர வேண்டும். ஒரு நாள் கூலியை இழந்து, பஸ் ஏறி வர இயலாத ஏழை என் செய்வார்? தலை சுற்றியதும் மாத்திரையைத் தாமே நிறுத்தி விடுகிறார். அது உயிருக்கே ஆபத்து.

ஆகவே நோயாளிகள் மருந்தை நிறுத்தாமல் உடனே வைத்தியரிடம் சொல்ல வேண்டும். சர்க்கார், நாடி பார்த்து அளவைத் திருத்தும் வசதியைக் கிராம ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கே கொண்டு செல்ல வேண்டும். அரியலூரில் 2022-ல் திறக்கப்பட்ட மருத்துவக் கல்லூரி, இவ்விரு ஜில்லா ஜனங்களுக்கு எம்மருந்து எவ்வளவு ஏற்கிறதென்பதை ஆராய்ந்து பதிவு செய்ய வேண்டும். நம் தேகத்தின் வழக்கில் தீர்ப்புச் சொல்ல, நம்மிடமிருந்தே சாட்சியம் திரட்டப்பட வேண்டாமா?