திடலோரம் – 14: மண்டோரை யார் கேட்பது?

உலு யாம், பத்தாங் காலி பக்கத்து ரப்பர் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு, விடியற்காலையில் ஆள் கூட்டிப் பேர் பார்க்கும் பெரட்டு மறந்திருக்காது. முந்தின நாள் கத்தி ஆழமாக இறங்கி மரம் காயப்பட்டிருந்தால், பால் வெட்டியவரோடு அவரை மேற்பார்த்த மண்டோருக்கும் அங்கே ஏச்சு விழும். "நீ எங்கய்யா போயிருந்தே?" என்பார் கிராணி. நம் காற்பந்தில், மண்டோர் இடத்தில் நிற்கும் துணைப் பயிற்றுநரைக் கேட்கும் இந்தக் கேள்விதான் காதில் விழுவதே இல்லை.

2010 டிசம்பர் 1, ஜகார்த்தா. தென்கிழக்காசிய நாடுகள் மோதும் சுசுகி கிண்ணத்தின் முதல் ஆட்டத்திலேயே மலேசியா 1-5 என்று இந்தோனேசியாவிடம் உதை வாங்கியது. தலைமைப் பயிற்றுநர் கே. ராஜகோபால். ஐந்து கோல் என்றால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். 2009 ஜனவரியில் ஷா ஆலாமில் ஐக்கிய அரபுச் சிற்றரசிடம் 0-5 என்று தோற்ற பிறகு, அப்போதைய பயிற்றுநர் பி. சத்தியநாதனின் பதவி நிலைக்கவில்லை. அந்த நாற்காலிக்குத்தான் இவர் வந்திருந்தார்.

தாய்லாந்துக்கு எதிரான அடுத்த ஆட்டத்தில் கோல்காவலர் ஷர்பினி அலாவியை உட்கார வைத்துவிட்டு, 21 வயது கைருல் ஃபாமியை இறக்கினார். ஆட்டம் 0-0. முதல் ஆட்டத்தில் ஐந்து கோல் வாங்கிய குழு, அதன்பின் ஆறு ஆட்டங்களிலும் சேர்த்து வாங்கியது மூன்றே மூன்று. இந்தோனேசியாவுடனான இறுதியாட்டத்தின் முதல் பாதி புக்கிட் ஜாலிலில் 3-0. இரண்டாவதுக்கு மறுபடி ஜகார்த்தா போனபோது இந்தோனேசியாவின் ஃபிர்மான் உத்தினா அடித்த பெனால்டியைக் கைருல் பிடித்துவிட, அன்று 1-2 என்று தோற்றும் கிண்ணம் நமக்கே வந்தது.

ஷர்பினிக்குக் கிடைத்த தண்டனையை நாடே பார்த்தது. ஆனால் அந்த ஐந்து கோலும் கோல்காவலர் ஒருவரால் வந்தவையா? தற்காப்பு வரிசையைப் பழக்கியவர், எதிரணியின் ஆட்டத்தைப் பார்த்துக் குறிப்பெடுத்தவர் எல்லாரிடமும் என்ன பேசப்பட்டது என்பது உடை மாற்றும் அறையோடு போயிற்று. அது அப்படியே இருக்கட்டும். துணைப் பயிற்றுநரின் பெயரைச் சொல்லிப் பத்திரிகைக்காரர்களிடம் புலம்புகிறவரை நான் நம்பமாட்டேன்.

தலைமைப் பயிற்றுநர் தன் துணைவர்களை உள்ளே கேட்கிறாரா என்பதைப் பயிற்சித் திடலில் கண்டுகொள்ளலாம். கார்னர் உதைக்கு ஒருவர், ஃபிரீகிக்குக்கு ஒருவர் என்று வேலை பிரித்துக் கொடுத்திருந்தால், கணக்குக் கேட்க இடமிருக்கிறது. கூம்பு அடுக்கி, விசில் ஊதி, தண்ணீர் போத்தல் எடுத்துக் கொடுப்பவரிடம் எந்த கோலுக்கு விளக்கம் கேட்பது?

இன்னொரு சங்கடமும் உண்டு. துணைக்கு நிற்பவரைப் பொறுக்கியது யார்? நிர்வாகம் கொண்டுவந்து உட்கார வைத்தவர் என்றால், அவரை அதட்டத் தலைமைப் பயிற்றுநருக்கு வாய் வராது. நாளை தன் நாற்காலியில் அவரே உட்காரலாம். 2017 டிசம்பரில் தேசியக் குழுவின் தலைமைப் பயிற்றுநர் நெலோ விங்காடா போனதும் அவருடைய துணைப் பயிற்றுநர் தான் செங் ஹோதான் பொறுப்புக்கு வந்தார். ராஜகோபாலிடமும் துணைப் பயிற்றுநராக இருந்தவர் அவர். குழிபறித்து வந்தவர் என்று அவரைச் சொல்ல முடியாது. மறு ஆண்டே குழுவைச் சுசுகி கிண்ண இறுதியாட்டம் வரை கொண்டுபோனார். 2021 டிசம்பரில் அதே போட்டியின் குழுச் சுற்றிலேயே மலேசியா வெளியேற, அடுத்த மாதம் பதவி விலகல் கடிதத்தில் இருந்ததும் அவர் கையெழுத்து ஒன்றுதான்.

(தொடரும்)