மண் கைவிட்டால் குழாய் என்ன செய்யும்?

2025 ஏப்ரல் 1, நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள். காலை 8.10க்கு மலேசியாவின் சுபாங் ஜெயாவிலுள்ள புத்ரா ஹைட்ஸில் எரிவாயுக் குழாய் வெடித்தது. தீ முப்பது மீட்டருக்கு மேல் எழுந்தது. வாசலில் நின்ற கார்களின் பம்பரும் விளக்கும் வெக்கையில் உருகித் தொங்கின. பிற்பகல் 3.45க்குத்தான் நெருப்பு அடங்கியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை.

யாரோ பள்ளம் தோண்டியதுதான் காரணம் என்று ஊரெல்லாம் பேச்சு. ஜூன் இறுதியில் வந்த விசாரணை முடிவு வேறு சொன்னது. நீர் ஊறிய மண் குழாயைத் தாங்கும் வலுவை இழந்திருக்கிறது. குழாய் ஏறக்குறைய 26 செ.மீ. இறங்கி, அசைந்து அசைந்து, கடைசியில் பற்றவைத்து இணைத்த இடத்தில் விட்டுப்போயிருக்கிறது.

கடலடிக் குழாய் போடுகிறவர்களுக்கு இது பழகிய ஆபத்து. நீரோட்டம் குழாயின் அடியிலுள்ள மணலை அரித்துக்கொண்டு போகும். கொஞ்ச தூரத்துக்குக் குழாய் அந்தரத்தில் தொங்கும். ஓடும் நீர் அதை ஓயாமல் அதிர வைக்கும், பற்றவைப்புகள் களைத்துப்போகும். அதனால்தான் கேமரா பொருத்திய இயந்திரத்தை இறக்கிப் பார்த்து, இடைவெளி தெரிந்தால் மணல் மூட்டையோ கல்லோ முட்டுக்கொடுக்கிறார்கள்.

எல்லாக் கேடும் இப்படி மெதுவாக வருவதில்லை. 2006 டிசம்பர் 26, ஆழிப்பேரலையின் இரண்டாம் நினைவு நாள். தைவானின் தென்கரைக்கு அப்பால் 7.0 அளவில் நிலம் நடுங்கியது. கடலடிச் சரிவில் தங்கியிருந்த சேறு பெயர்ந்து, பள்ளத்தாக்கு வழியே வெள்ளமாகப் பாய்ந்து 9 இணையக் கேபிள்களை அறுத்தது. ஆழ்கடல் கேபிள் நம் தோட்டக் குழாயின் பருமன்தான். அதைப் புதைப்பதும் இல்லை, தரைமேல் கிடக்கும். இங்கே மலேசியாவிலும் இணையம் நாள்கணக்கில் தள்ளாடியது. 11 கப்பல்கள், 49 நாட்கள். கொக்கி போட்டுக் கேபிளைத் தேடித் தூக்கி ஒட்டினார்கள்.

நிலநடுக்கம் நம் ஊருக்கு வராது என்று இன்னும் ஆறுதல் சொல்லிக்கொள்கிறோம். புத்ரா ஹைட்ஸில் நிலம் நடுங்கவே இல்லையே! நடுக்கடலில் கிடக்கும் குழாயின் அடிமண்ணை இறங்கிப் பார்க்க முடிகிறதென்றால், வீடுகளை ஒட்டி ஓடும் குழாயின் அடிமண்ணையும் ஒவ்வொரு மழைக்காலமும் அளக்க முடியும். அந்த அளவு அங்கே குடியிருப்பவர் கைக்கும் வர வேண்டும்.