பேயும் இசையும்: ‘பிசாசு’ திரைப்படத்தில் தமிழ் மரபின் தொடர்ச்சி

முன்னுரை

பழைய மாளிகை, அதில் குடியேறும் இசைக்கலைஞன், அவனை அலைக்கழிக்கும் ஆவி என்பது ஆங்கிலப் பேய்க்கதைகளில் நிலைபெற்ற அமைப்பாகும். தமிழில் இதற்கு நெருக்கமானது மிஷ்கின் இயக்கத்தில் 2014 டிசம்பரில் வெளிவந்த ‘பிசாசு’. இதன் தலைவன் வயலின் கலைஞன். எனினும் இப்படம் ஆங்கில அமைப்பிலிருந்து அடிப்படையிலேயே வேறுபடுகிறது. அவ்வேறுபாட்டின் வேர்களைத் தமிழ் இலக்கிய, நாட்டார் மரபுகளில் இக்கட்டுரை தேடுகிறது.

வீட்டைப் பற்றிய பேயும் ஆளைப் பற்றிய பேயும்

ஐரிய எழுத்தாளர் டோரத்தி மக்கார்டிலின் 1941ஆம் ஆண்டுப் புதினத்தைத் தழுவி, லூயிஸ் ஆலன் இயக்கிய ‘தி அன்இன்வைட்டட்’ 1944இல் வெளிவந்தது. இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரையில் உள்ள பழைய வீடொன்றை இசையமைப்பாளன் ஒருவன் தன் தங்கையுடன் சேர்ந்து வாங்குகிறான். அவ்வீட்டின் மேல்மாடி அறையில் அவன் இசைக்கும் இனிய மெட்டு தானாகவே துயர மெட்டாக மாறுகிறது. அங்குப் பேய் வீட்டிற்கு உரியது. வீட்டை வாங்குபவர் அதன் மறைபொருளையும் சேர்த்தே வாங்குகிறார்.

‘பிசாசு’ படத்தில் மாளிகை இல்லை. நகரத்து அடுக்ககம் ஒன்றே உள்ளது. சாலை விபத்தில் அடிபட்ட பவானி என்ற பெண்ணைச் சித்தார்த் மருத்துவமனைக்குக் கொண்டு செல்கிறான். அவள் அவன் கையைப் பற்றியபடியே இறக்கிறாள். பின்னர்ப் பேயாக அவன் வீட்டிற்கு வருகிறாள். இங்குப் பேய் பற்றுவது ஆளை. அதன் பிறப்பிடம் அகால மரணம்.

இசையின் மூன்று பணிகள்

பேய்க்கும் இசைக்கும் உள்ள உறவு தமிழில் தொன்மையானது. அரிசில்கிழார் பாடிய புறநானூற்று 281ஆம் பாடலில், புண்பட்ட வீரன் கிடக்கும் மனையில் வேம்பின் தழை செருகப்படுகிறது, ஐயவி சிதறப்படுகிறது, யாழும் குழலும் ஒலிக்க, காஞ்சிப்பண் பாடப்படுகிறது. பேய் அணுகாவண்ணம் காக்கும் செயலாக இது கொள்ளப்படுகிறது. இங்கு இசையின் பணி விலக்குதல்.

அருப்புக்கோட்டை – திருச்சுழிக் கரிசல் நிலத்தில், எம்.ரெட்டியபட்டி போன்ற மானாவாரி ஊர்கள் அமைந்த தென்மாவட்டப் பகுதியில், உடுக்கடித்துக் குறி சொல்பவரைக் கோடாங்கி என்பர். கோடாங்கியின் உடுக்கு பேயை உடனே விரட்டுவதில்லை. முதலில் அதைப் பேச வைக்கிறது. யார், எந்த ஊர், என்ன குறை என்ற வினாக்களுக்கு விடை வந்த பின்னரே அடுத்த செயல் நிகழும். இங்கு இசையின் பணி வினவுதல்.

‘பிசாசு’ படத்தின் கலைஞன் விலக்கவே முயல்கிறான். ஆனால் வீட்டில் அடிபட்டு வீழ்ந்த தன் தாயைக் காப்பாற்றியது அப்பேயே என அறிந்ததும், அவளைக் கொன்றவன் யார் எனத் தேடத் தொடங்குகிறான். கோடாங்கி பேயிடம் கேட்கும் வினாவை இவன் உலகத்திடம் கேட்கிறான். அறோல் கொரெல்லியின் இசை அச்சத்தைவிட இரக்கத்தையே முன்னிறுத்துகிறது. இங்கு இசையின் பணி உடன்துயருறுதல்.

காக்கும் பேய்

தொல்காப்பியப் புறத்திணையியல் காஞ்சித்திணைத் துறைகளுள் ஒன்றாகப் பேய்ப்பக்கத்தைக் கூறுகிறது. காப்பவர் எவரும் இல்லாத களத்தில், புண்பட்டுக் கிடக்கும் வீரனைப் பேயே காப்பது அத்துறை. பவானியின் செயல் இத்துறையின் பொருளோடு ஒத்துள்ளது. ஆனால் படம் ஒருபடி மேலே செல்கிறது. தேடலின் முடிவில், மோதிய வண்டியை ஓட்டியவன் தானே எனச் சித்தார்த் அறிகிறான். பேய் காத்து நின்றது தன்னைக் கொன்றவனையே. மகளின் உடலைப் புதைக்க மனமின்றிப் பனிக்கட்டியில் வைத்திருக்கும் தந்தையின் துயர், இம்மன்னிப்பை எளிதாக்கிவிடாமல் தடுக்கிறது. குற்றம் மறைவதில்லை, பழி மட்டுமே கைவிடப்படுகிறது.

கொடிய சாவை அடைந்தோர் தெய்வமாகும் நாட்டார் வழக்கை, வில்லுப்பாட்டை ஆராய்ந்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் விளக்கியுள்ளார். வெறும் பேய் ஊரை அச்சுறுத்தும். வழிபாடு பெற்றபின் ஊரைக் காக்கும். பவானியோ வழிபாட்டிற்குக் காத்திராமலே காவலாகிறாள்.

இப்படத்தின் பாடலை இயற்றிய தமிழச்சி தங்கபாண்டியன், விருதுநகர் மாவட்டம் மல்லாங்கிணற்றில் பிறந்தவர். ‘வனப்பேச்சி’ என்ற கவிதைத் தொகுப்பின் ஆசிரியர். பேச்சியைத் தெய்வமாகக் கொண்டாடும் நிலத்தின் கவிஞர், காக்கும் பேயின் கதைக்குப் பாடல் எழுதியமை பொருத்தமுடையதாகும்.

முடிவுரை

ஆங்கில மரபின் பேய் வீட்டோடு பிணைந்தது. மறைபொருள் வெளிப்பட்டதும் வீடு தூய்மையாகிறது. தமிழ் மரபின் பேய் மனித உறவோடு பிணைந்தது. அதன் குறையைக் கேட்பதே தீர்வின் தொடக்கம். விலக்கும் யாழ், வினவும் உடுக்கு, உடன்துயருறும் வயலின் என இசையின் பணி மாறிவந்துள்ளது. பேய்ப்பக்கம் என்ற பழந்துறையின் பொருளை அறமன்னிப்பு வரை விரித்தமையே ‘பிசாசு’ திரைப்படத்தின் தனித்தன்மை எனலாம்.